ரோதமுனியும் நாலு பிளக் வயரும்

மோட்டார் சாமான் கடையில் நிற்பவனிடம் மோட்டார் இருக்காது. குடை இருக்கும், அதிலும் ஒரு கம்பி உடைந்திருக்கும்.

ஹட்டனில் காசிம் ஹாஜியாரின் கடைக் கவுண்டரில் ஒன்பது வருஷம் நின்றவன் நான். ஜவுளியோ, மருந்தோ, ஆணியோ, எதையாவது விற்றுப் பிழைத்தவர்கள் இதை வாசித்தால் என் கஷ்டம் அவர்களுக்குப் புரியும். வாங்க வருகிறவர் வாங்குவதற்கு மட்டும் வருவதில்லை. நமக்கு நம் தொழிலைக் கற்றுக் கொடுக்கவும் பஸ் ஏறி வருகிறார். நாமும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறோம். வேறு என்ன செய்வது, சொல்லுங்கள்?

இங்கே சொல்லப்போவது நாலு துண்டு வயரின் கதை. என்ஜினுக்குள் பெட்ரோலைக் கொளுத்த ஒரு பொறி வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பிளக் வயர். புது வண்டிக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடலாம். முப்பது வயதைத் தாண்டிய கிழட்டு வண்டிக்குக் கேட்டு யாராவது வந்தால், அன்றைக்கு நான் யார் முகத்தில் விழித்தேன் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.

கூடைக் கயிறு

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றை நிர்வகித்த பெரிய துரையிடம் பச்சை நிறத்தில் ஒரு திறந்த கார் இருந்தது. எனக்கு முன்னால் பிறந்த கார். அதை ஓட்டியவர் சன்னாசி அண்ணன். ஒரு நாள் கொட்டுகிற மழையில் கடைக்குள் வந்து, சொட்டச் சொட்ட ஒரு கயிற்றைக் கவுண்டரில் போட்டார். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுகிற கயிறு, அவர் மனைவியுடையது. நுனியிலிருந்து நாலு முடிச்சு போட்டிருந்தார். முடிச்சுக்கு முடிச்சு ஒரு வயரின் நீளமாம். பனி விழுந்தால் பழைய வயரெல்லாம் வெடிப்பு வழியாகப் பொறியை ஒழுகவிடுகிறது, வண்டி எழும்புவதில்லை என்றார்.

அந்த மழையில் ஓடி வரும்படி என்ன அவசரம் என்று கேட்டேன். சித்திரை சீசனுக்கு நுவரெலியாவில் பழைய கார்களை ஊர்வலம் விடப்போகிறார்கள். இந்தக் கார் அங்கே போய்ச் சேராவிட்டால் துரை அதை விற்றுவிட்டு ஜீப் வாங்குவார். ஜீப்பைத் தானே ஓட்டிக்கொள்வார். சன்னாசி அண்ணன் மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் மண்வெட்டியோடு வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். பதினாலு வருஷம் டிரைவர் தொப்பி போட்ட மனிதர். இதைச் சொல்லும்போது அந்தத் தொப்பியைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். எனக்குப் பாவமாகிவிட்டது.

கயிற்றைக் கவனமாக நீட்டி அளந்து, நல்ல செம்பு வயரில் நாலு துண்டு வெட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் நாலையும் திருப்பிக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடை குறைகிறது. காய்ந்த கயிற்றில் முடிச்சுப் போட்டிருக்கிறார். மழையில் நனைந்து அது சுருங்கியிருக்கிறது. சுருங்கின கயிற்றை நான் அளந்திருக்கிறேன். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“என் பொஞ்சாதி கயிறு பதினஞ்சு வருசமா கொழுந்து தூக்குது தம்பி, ஒரு நாளும் பொய் சொன்னதில்லீங்க. ஹட்டன்லதான் அங்குலம் சின்னதா இருக்கு.”

துரைசானியின் ரேடியோ

சரி, வேறு வெட்டித் தருகிறேன் என்று கத்தரியை எடுத்தபோது அண்ணன் இன்னொரு மூட்டையை அவிழ்த்தார். பங்களாவுக்குப் புது ரேடியோ வந்திருக்கிறது. கார் வாசலில் நின்று உறுமினால் ரேடியோ கரகரவென்று இருமுகிறது. அந்த இருமலை நிறுத்துகிற வயராகப் பார்த்து வாங்கி வரச் சொல்லித் துரைசானி அம்மா உத்தரவு போட்டிருக்கிறார்.

அப்போதுதான் எங்கள் கடைக்கு ஒரு புது ரகம் வந்து இறங்கியிருந்தது. வெளியே பளபளவென்று கருப்பு. உள்ளே செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கரி ஏற்றிய நூல். ரேடியோ இரைச்சலை அடக்குவதற்கென்றே செய்தது. “முதலாளி, இது பழைய வண்டி. இதுல ஒரு ஊசித் திருகாணி வயரைக் குத்திப் பிடிக்கும். செம்புன்னா பிடிக்கும். கரி நூலைக் குத்தினா உதிர்ந்துதான் போகும், பொறி வராது” என்று தலையால் அடித்துக்கொண்டேன். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “துரைசானி என்னத்துக்குக் கேட்டாங்க? ரேடியோவுக்கு. அப்ப ரேடியோவுக்குக் குடு” என்றார். புது ரகம் ஆறு பெட்டி அவர் காலடியில் இருந்தது. கொடுத்தேன்.

பத்து நாள் அந்தக் கார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. காரின் முன்னால் செருகுகிற ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை வீங்கிப்போய் சன்னாசி அண்ணன் வந்து நின்றார். முதலாளிமேல் எனக்கு வந்த ஆத்திரத்தை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிட்டு, துரைசானி என்ன சொன்னாங்க என்று கேட்டேன். மனிதர் முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

“அம்மாவுக்கு ரொம்ப சந்தோசமுங்க. அருமையான வயராம். ரேடியோவுல ஒரு பொட்டு சத்தங்கூட இல்லையாம்.”

பல் பரிசோதனை

அந்தப் பத்து நாளுக்குள் கடையில் மிச்சமிருந்த செம்பு வயரை ஒரு பஸ்காரர் வாரிக்கொண்டு போயிருந்தார். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்ட காலம். கொழும்புக்கு ஒன்று எழுதினால் வேறொன்று வரும், அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. ஹாஜியாருக்குத் திடீரென்று பரணில் கிடந்த ஒரு சுருள் ஞாபகம் வந்தது. உலக யுத்தத்துக்கு முந்தினது. இறக்கித் தூசி தட்டினால், அம்மாடி! ரப்பருக்கு மேலே மஞ்சளும் கருப்புமாக நூல் பின்னிய உறை. கல்யாணப் புடவைக் கரை மாதிரி இருந்தது.

ரப்பர் நல்லதா என்று பார்க்க ஹாஜியாரிடம் ஒரே ஒரு பரிசோதனைதான் உண்டு: கடித்துப் பார்ப்பது. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கடித்துவிட்டார். உள்ளே ரப்பர் கல்லாக இறுகிப்போயிருந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த முன்பல் கையோடு வந்துவிட்டது. அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி எனக்குச் சொல்லிக் கொடுத்தார்:

“பல்லு பதிஞ்சா நல்ல ரப்பர் ராமையா, பல்லு விழுந்தா பழைய ரப்பர். ஞாபகம் வச்சுக்க.”

உள்ளே புதுசு

அந்தச் சுருளைப் பரணில் ஏற்றிவைக்கும் முன்பே பெரிய துரை நேரில் வந்துவிட்டார். வெள்ளைக்காரர், இருபது வருஷம் தோட்டத்தில் ஆள் விரட்டிப் பழகிய தமிழ் பேசுவார். கவுண்டரில் கிடந்த நூல் உறையைக் கண்டதும் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அவர் காருக்கு ஆரம்பத்தில் இருந்தது இதே வயர்தானாம். ரப்பர் செத்துப்போச்சு என்று வளைத்துக் காட்டினேன். அவர் ரப்பரைப் பார்க்கவேயில்லை. உறையைத்தான் தடவிக்கொண்டிருந்தார். “பழைய கார், பழைய வயர். போடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போட்டால் கார் ஓடாது. ஓடாவிட்டால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் பெரட்டுக்குப் போய்விடுவார். நல்ல காலத்துக்கு அந்த வாரமே கொழும்பிலிருந்து கருப்பு ரப்பர் போட்ட செம்பு வயர் ரயிலில் வந்து சேர்ந்தது. ஹாஜியார் மத்தியானத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, பழைய சுருளிலிருந்து நூல் உறையைப் பாம்புச் சட்டை கழற்றுகிற மாதிரி உரித்து, புது வயருக்கு முகப்பவுடர் பூசி, அதன்மேல் இழுத்து மாட்டினேன். நாலு வயருக்கும் விரல் கொப்பளித்துவிட்டது. சன்னாசி அண்ணனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை மூங்கில் குச்சியில் அளவு கொண்டுவந்திருந்தார், அதனால் நீளம் கச்சிதம்.

பூட்டிய அன்றைக்கு முதல் சுற்றிலேயே கார் எழும்பிவிட்டது. பங்களா ரேடியோவும் பழையபடி இருமத் தொடங்கியது. ஊர்வலம் முடியும்வரை பொறுத்துக்கொள்வதாகத் துரைசானி சொல்லிவிட்டாராம். சாயங்காலம் துரை கடைக்கு டெலிபோன் எடுத்தார். பாராட்டத்தான் எடுக்கிறார் என்று ரிசீவரை வாங்கினேன்.

“பாத்தியா? பழைய சாமான், அதுதான் சாமான். இப்ப நீங்க விக்கிறது எல்லாம் குப்பை.”

பேர் வெட்டு

வண்டி ஓடத் தொடங்கியதும் சன்னாசி அண்ணனுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரின் மூலையில் ரோதமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். மெஷினோ வண்டியோ, சக்கரம் சுற்றுகிற எதற்கும் அவர்தான் காவல். புதுச் சாமான் பூட்டினால் முனிக்குக் காட்டி விபூதி வைத்த பிறகுதான் எங்கள் ஆட்கள் வண்டியை எடுப்பார்கள். நானும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன்தான். ஸ்டோரில் புது மெஷின் ஓட்டுவதற்கு முன்னால் சேவல் அறுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் போன வருஷம் ஆயுத பூசைக்குக் காரில் கட்டிய செவ்வந்தி மாலை, என்ஜின் காற்றாடிக்குள் போய்ச் சிக்கி, நாரும் பூவுமாகத் துரையின் முகத்தில் வந்து அப்பியது. அன்றைக்கே துரை உத்தரவு போட்டுவிட்டார்: இனிப் பூவோ, சந்தனமோ, சாம்பலோ, சாமி சம்பந்தப்பட்ட எதுவும் காரைத் தொடக்கூடாது, தொட்டால் அன்றோடு செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் டிரைவரின் பேர் வெட்டு. அண்ணன் இதைச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். நானும் என் பங்குக்கு, இந்த ஒரு தடவை பேசாமல் இருந்துவிடுங்கள் அண்ணே என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

“செக்ரோல்ல என் பேரைக்கூட இன்னும் வெட்டல தம்பி, முனியாண்டவர் பேரைத்தான் மொதல்ல வெட்டிட்டாரு.”

மூன்று கோடு

ஊர்வலத்தன்று காலை எட்டு மணிக்குக் கடையில் டெலிபோன் அலறியது. கார் எழும்பவில்லை. வயர் கொடுத்தவன் உடனே வரவேண்டும். நுவரெலியாவுக்கு வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்த மரக்கறி லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு, முட்டைக்கோவா இலைச் சருகுக்கு நடுவில் உட்கார்ந்து லிந்துலை போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம், ரப்பருக்குள் எங்காவது ஓட்டை இருந்திருக்குமோ, உறையை மாட்டும்போது கிழித்துவிட்டேனோ என்று ஆயிரம் யோசனை.

பங்களா வாசலில் ஒரே பனி. விருந்தாளித் துரைமாரும் துரைசானிமாரும் குடை பிடித்து நிற்கிறார்கள். பெரிய துரை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மதியத்துக்குள் நுவரெலியாவில் இருக்க வேண்டும். சன்னாசி அண்ணன் குனிந்து ஹேண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் என்ஜின் மூடியைத் திறந்தேன். நாலு வயரின் நுனியிலும் மூன்று மூன்று கோடு விபூதி. நடுவில் சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். சிவன் கோயில் குருக்கள்கூட அவ்வளவு நிதானமாக இட்டுக்கொண்டிருக்க மாட்டார். பனியில் எல்லாம் ஊறி ஈரமாகி இருந்தது. ஹேண்டில் ஒரு சுற்றுச் சுற்றியதும், பிளக்குக்குப் போகவேண்டிய நீலப் பொறி அந்த ஈரக் கோட்டின்மேல் நடந்து, இரும்பில் இறங்கிப் போய்விட்டது. என் வயரில் ஒரு குற்றமும் இல்லை.

“அண்ணே, விபூதி வச்சீங்களா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். “பின்னே? ஊர்வலம் போற வண்டிய மொட்டையா அனுப்பச் சொல்றீங்களா? காலையில ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தேன்” என்றார். “இதாலதான் எழும்பல. துடைக்கிறேன்.” “ஐயோ, சாமி விபூதிய துடைக்கவா?” துரை படியிறங்கி வருவது தெரிந்தது. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, முனியாண்டவரே மன்னித்துக்கொள்ளும் என்று சொல்லி, வழித்து எடுத்தேன். எடுத்ததைக் கீழே போட மனசு வரவில்லை. என் நெற்றியில் பூசிக்கொண்டேன். மிச்சத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்து, உலரவிட்டு நிமிர்ந்தால், துரை எனக்கு நேரே நிற்கிறார்.

“என்னா கோளாறு? வயரா? ட்ரைவரா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் மூன்றாவதாக ஒன்றுக்கு இடமே இல்லை. சன்னாசி அண்ணன் தொப்பியைக் கழற்றி மறுபடியும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தார். “வயர்தானுங்க தொர. நுனியை நான் சரியா வெட்டல. என் பிழை” என்றேன். ஒன்பது வருஷத்தில் என் சாமானை நானே குறை சொன்னது அன்றைக்குத்தான். ஹேண்டில் அடித்ததும் கார் எழும்பிவிட்டது. துரை என் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

“நீ நல்ல ஆள். உண்மை பேசுது. ஆனா உன் கடை சாமான் குப்பை.”

முதலாளி கேட்டது

ஊர்வலத்தில் அந்தக் காருக்கு ஒரு கோப்பை கிடைத்தது. நடுவராக வந்த வெள்ளைக்காரர் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்து, வயர்கூட அந்தக் காலத்து வயர் என்று கைதட்டினாராம். துரை கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு, இனி இந்தக் கடையில் ஒரு ஆணிகூட வாங்கக்கூடாது என்று கடிதம் எழுதினார். தோட்டத்து ஓடர் எல்லாம் நுவரெலியாக் கடைக்குப் போய்விட்டது. ஹாஜியார் என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து, பரணில் எலிகளோடு சாமான் அடுக்கப் போட்டார். கூட்டம் கூடிய நேரத்தில் கவுண்டரில் வேறொருவர் நிற்பதை மேலே இருந்து பார்க்க எனக்கு அழுகையே வந்தது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் இறங்கி வந்து நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவர் விழுந்த பல்லின் இடைவெளியை நாக்கால் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல காரியந்தான் செஞ்சிருக்க, அல்லா அதுக்குக் கூலி தருவான். ஆனா அத என் கடைப் பேர்லயா தம்பி செய்யணும்?”

சிபாரிசு

நாலு மாசம் கழித்துச் சன்னாசி அண்ணன் வந்தார். அதே டிரைவர் தொப்பி. புதுக் காக்கிச் சட்டை. நான் பரணில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஏணியடியில் நின்று குரல் கொடுத்தார். எனக்காக ஒரு பொட்டலம் நல்ல தேயிலைத் தூள் கொண்டுவந்திருந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பரவாயில்லை அண்ணே, யாராயிருந்தாலும் செய்வதுதான் என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே இறங்கினேன்.

அவர் என்னை முந்திக்கொண்டார். “ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க தம்பி. தொர உங்களை வேலையவிட்டே நிப்பாட்டச் சொல்லி ஹாஜியாருக்கு எழுதறதாத்தான் இருந்தாரு. நான்தான் கையெடுத்துக் கும்பிட்டு, சின்ன வயசு, பொழச்சுப் போகட்டும்னு தடுத்து வச்சேன். முனியாண்டவர்கிட்டயும் உங்களுக்காக ஒரு தேங்காய் ஒடச்சாச்சு.” நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணே, அன்னைக்குப் பொறி அந்த விபூதி மேலதான் ஓடிச்சு. நான் என் கண்ணால பாத்தேன். நான் துடைச்ச அதே வயர்லதானே நீங்க இன்னைவரைக்கும் ஓட்டிக்கிட்டு இருக்கீங்க?” என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. ஒத்துக்கொண்டவனிடம் மேலும் வாதாடக்கூடாது என்கிற பெரிய மனசோடு தேயிலைப் பொட்டலத்தை என் கையில் வைத்து அழுத்தினார். அடுத்த சீசனுக்கும் நாலு வயர் வேணும், துரைக்குத் தெரியாமல் வாங்கிப்போகிறேன், உங்களைத் தவிர வேறு யாரிடமும் வாங்க மனசில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“விபூதி பட்டதுக்கே படுத்துக்கிட்டா அது ஒரு வயருங்களா தம்பி? இந்தத் தடவ சாமிக்குத் தாங்குறதாப் பாத்துக் குடுங்க.”

அதற்குப் பிறகு கிழட்டு வண்டிக்குப் பிளக் வயர் கேட்டு யார் வந்தாலும், பரணிலிருந்தே எட்டிப் பார்த்து, நீளமும் தடிப்பும் செம்பா கரியா என்பதும் அப்புறம் இருக்கட்டும் என்று சொல்லி, வண்டிக்குக் குலதெய்வம் எது என்பதைத்தான் முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.